தொடக்கப் பொறுப்பாளர்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்து முதல் இருபத்திரண்டு வருடம் அவருக்கென்று ஒரு பட்டப்பெயர்கூடக் கிடையாது. "யாருப்பா அங்க?" என்று யாராவது குரல் கொடுத்தால் அது அவரைத்தான். ஒரு மேசையிலிருந்து கோப்பை எடுத்து இன்னொரு மேசையில் வைப்பது அவர் வேலை. வைத்த கோப்பு பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருந்துவிடும் என்பதால் அலைச்சலும் அதிகமில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு வாழ்வு வந்தது. எண்டர்காரர் என்ற பெயரும் வந்தது.

அலுவலகத்துக்கு ஏழு கணினிகள் வந்த வருடம் அது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். அதோடு சரி. அந்தக் கணினிகளைப் போட்டதும் நேரே வேலைக்கு வந்துவிடாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று வரிகள் வந்து நிற்கும். வழக்கமான தொடக்கம், பழுதுபார்ப்பு, நினைவகச் சோதனை. இதில் எப்படித் தொடங்கட்டும் என்று கேட்கிறதாம். முதல் வரியின் மேல் ஏற்கெனவே பட்டை விழுந்திருக்கும். எண்டர் விசையை ஒரு தட்டுத் தட்டினால் தொடங்கிவிடும். தட்டாவிட்டால் நிற்கும். சாயங்காலம் வரை நிற்கும். பதில் வரும்வரை காத்திரு என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த அலுவலகத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அது ஒன்றுதான்.

கண்காணிப்பாளர், மேலிடத்துக்கு எழுதிக் கேட்காமல் ஜன்னலைக்கூடத் திறக்காதவர். ஆனால் இரண்டாவது வாரம் அவருக்கும் ஒரு துணிச்சல் வந்தது. சோதனை என்ற சொல்லைப் பார்த்ததும், செய்யாமல் விட்டால் பின்னால் கேள்வி வரும் என்று தோன்றியது. மூன்றாவது வரிக்கு இறங்கி எண்டர் தட்டினார். திரை நீலமாகி எண்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்றுக்குச் செய்ததை மற்றவற்றுக்குச் செய்யாவிட்டால் பாரபட்சம் ஆகிவிடுமே என்று ஏழிலும் அதையே செய்தார். அன்று முழுக்க எண்கள் ஓடின. மறுநாளும் ஓடின. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வந்தவர்களையும், வீட்டில் ஆளைப் பறிகொடுத்து வந்தவர்களையும், கணினிகளுக்குச் சோதனை நடக்கிறது, முடிந்ததும் வாருங்கள் என்று ஒரே பதில் சொல்லி அனுப்பினார்கள். எப்போது முடியும் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நம்மவர் ஒரு கட்டுக் கோப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, கட்டின் முனை சுவரிலிருந்த மெயின் சுவிட்சில் இடித்தது. ஏழு திரைகளும் அணைந்தன. அறை முழுவதும் அவரையே பார்த்தது. அவர் சுவிட்சை மேலே தள்ளினார். மூன்று வரிகள் திரும்பவும் வந்து நின்றன. செய்த தப்பை எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், கண்ணில் பட்ட விசைகளில் எது பெரிதாக இருந்ததோ அதைத் தட்டினார். கணினி பதிவேட்டைத் திறந்து காட்டியது. ஏழிலும் தட்டினார். ஏழும் திறந்தன.

அன்று மாலைக்குள் அலுவலக ஆணை வந்துவிட்டது. கணினிகளைத் தொடங்கும் பணி இனி இவர் ஒருவராலேயே மேற்கொள்ளப்படும், வேறு எவரும் தொடக்கத் திரையின்போது விசைப்பலகையைத் தொடக்கூடாது, இவர் இனி தொடக்கப் பொறுப்பாளர் என அழைக்கப்படுவார். ஆணை அழைத்தபடி யாரும் அழைக்கவில்லை. எண்டர்காரர் என்றார்கள். அவருக்கு அதுவே பிடித்திருந்தது.

அதன்பிறகு அவர் நடையே மாறிவிட்டது. எல்லோரும் பத்து மணிக்கு வருகிற அலுவலகத்துக்கு எட்டரைக்கே வந்துவிடுவார். ஏழு விசைப்பலகைகளையும் துணியால் துடைப்பார். கை கழுவுவார். ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்து ஏழில் முடிப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். கம்பி ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு திரையும் வெளிச்சமாகும்போது வரிசையில் ஒரு சலசலப்பு எழும். அதைக் கேட்காதவர்போல அடுத்த கணினிக்கு நகர்வார். பகலில் மின்சாரம் போய் வந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதால் டீ குடிக்க வெளியே போவதையும் விட்டுவிட்டார். டீ அவரைத் தேடி வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அதுவே முதல் தடவை.

வீட்டில்தான் இந்தப் பெருமை எடுபடவில்லை. மனைவி முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஆறு வருடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மைத்துனர் மருத்துவமனையில் கிடந்தபோது ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து போனார். அதற்குள் மைத்துனர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஒரு பட்டனை அமுக்கத்தானே போறீங்க. நீங்க ஒரு வாரம் அமுக்கலைன்னா ஊர்ல யாரும் பொறக்க மாட்டாங்களா?"

"பொறப்பாங்க," என்றார் அவர். "பதிவாகாது."

அவள் மறுபடி இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஆறாவது வருடம் ஒரு சாயங்காலம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு என்றார். விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கட்ட முடியுமா என்று இவர் கேட்டார். எதற்கு என்று மருத்துவர் கேட்க, இவர் வேலையை விளக்க, மருத்துவர் மணிக்கட்டோடு தலைக்கும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. கண்காணிப்பாளர்தான். ஏழு திரைகளும் கேட்டுக்கொண்டு நிற்கின்றன, தான் எதையும் தொடவில்லை, வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றார்.

எண்டர்காரர் இடது கையில் தொலைபேசியைப் பிடித்தபடி எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

"சார், முதல் வரியிலதான பட்டை இருக்கு?"

"முதல் வரியிலதான் இருக்கு."

"அம்புக்குறிப் பக்கம் கையே போகக்கூடாது. பெரிய பட்டன் தெரியுதா? அத ஒரே ஒரு தடவ. அமுக்கிட்டு உடனே கைய எடுத்துருங்க."

அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம். பிறகு, வந்துவிட்டது என்று கண்காணிப்பாளர் மூச்சு விட்டார். அடுத்த கணினிக்குப் போனார்கள். ஏழும் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்தே சொல்லச் சொன்னார் கண்காணிப்பாளர். ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று என்ன நிச்சயம்? மூன்று நாள் காலை இப்படியே போயிற்று. மருத்துவ விடுப்பிலும் கடமையாற்றுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் சொல்லும் அளவுக்கு விஷயம் பரவியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் இறப்புப் பிரிவு எழுத்தர். மாற்றலாகி வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. ஐம்பதை நெருங்கும் பெண்மணி, அதிர்ந்து பேசமாட்டார். பிறப்புப் பிரிவில் இருப்பவரைப் பிறப்பு சார் என்றும் இவரை இறப்பு மேடம் என்றும் அங்கே கூப்பிட்டார்கள். அதில் யாருக்கும் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. அவர் முன்பு வேலை பார்த்த கிளையிலும் இதே கணினிகள்தான். கூடவே வந்த கையேட்டை, உறைகூடப் பிரியாமல் கிடந்ததைப் பார்த்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தவர் அவர்.

அந்த மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவர் ஒன்றாம் எண் கணினியின் முன் உட்கார்ந்தார். கடவுச்சொல் தேவைப்பட்டது. அது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒட்டிவிட்டுப் போன சீட்டில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திரைக்குக் கீழேயே இருந்தது. கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பைத் திறந்தார். காத்திருக்கும் நேரம் என்ற வரிக்கு எதிரே கழித்தல் ஒன்று என்றிருந்தது. காலமெல்லாம் காத்திரு என்று அதற்கு அர்த்தம். அதை அழித்துவிட்டுப் பூச்சியம் போட்டார். பிறகு புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அதைக் கொடுக்காவிட்டால் மாற்றம் கோப்போடு நின்றுவிடும். கோப்போடு நின்றுவிடுவது அந்த அலுவலகத்துக்குப் புதிதல்ல என்பதால் அவர் அதில் கவனமாக இருந்தார். ஒரு கணினிக்கு மூன்று நிமிடம். ஏழும் முடித்துவிட்டு, கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலை எண்டர்காரர் வீட்டில் தொலைபேசி அடிக்கவில்லை. ஒன்பது மணி வரை அதன் பக்கத்திலேயே நின்றார். தொலைபேசிதான் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து, பக்கத்து வீட்டுக்காரரை அவர் வீட்டிலிருந்து இங்கே பேசச் சொன்னார். அடித்தது. கண்காணிப்பாளருக்கு உடம்பு சரியில்லையோ என்றார். அலுவலகத்துக்கே விடுமுறையோ என்றார். மனைவி இயந்திரத்தை மிதிக்கிற வேகத்தில் ஒரு உற்சாகம் தெரிந்தது. இரண்டாம் நாளும் அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.

போனபோது மணி பத்தேகால். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஏழு திரைகளிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் இவரைப் பார்த்ததும் குனிந்து இழுப்பறையில் எதையோ தேடலானார். பிறப்பு சார், கை எப்படி இருக்கிறது என்று மூன்று முறை விசாரித்தார். யார் தட்டியது என்று இவர் கேட்டார். கடைசியில் இறப்பு மேடம்தான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"யாரும் தட்டலண்ணே. அது கேக்குறத நான் எடுத்துட்டேன். எப்பவும் ஒரே பதில்தானே சொல்றோம், அப்புறம் எதுக்கு தினமும் கேக்கணும்?"

"எடுத்துட்டீங்கன்னா?"

"போட்டா அதுவே தொடங்கிடும்."

"எவ்வளவு நேரமாச்சு அத எடுக்க?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் முழுக்க ஆனது என்றால்கூட இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இருபது நிமிஷம்ணே," என்றார், உள்ளது உள்ளபடி. "ஏழுக்கும் சேர்த்து."

எண்டர்காரர் வெளியே வந்து பொதுமக்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே டிக் டிக்கென்று விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. யார் வேண்டுமானாலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர், உங்களுக்குப் பிறப்பா இறப்பா என்று கேட்டார். இவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே இடது கையால் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. ஆணைக்கு மாறாகக் கணினிகள் தாமாகவே தொடங்குவதாகவும், இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியவில்லை என்றும், தக்க நடவடிக்கை வேண்டும் என்றும் எழுதி, மகளைத் தபாலில் சேர்க்கச் சொன்னார். அவள் முகவரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதம் அவர் காலை நேரத்தில் வீட்டில் இருந்தார். சோறு சூடாகத்தான் இருக்கும் என்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி இவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நாலு வருடமாக வருகிறேன், இந்த அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார். மனைவி சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் மகளோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். வேதியியல் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"நான் போன வருஷமே புவியியலுக்கு மாறிட்டேன்ப்பா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேனே. நீங்க செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தீங்க. சரி சரின்னீங்க."

அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். மறுநாளும் அவளோடு நடந்தார். பாறைகளில் எத்தனை வகை என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆற்றோரத்துக் கல் ஏன் உருண்டையாக இருக்கிறது என்று இவர் கேட்ட கேள்விக்கு நிறுத்தம் வந்தும் பதில் முடியவில்லை.

கட்டுப் பிரித்து இவர் வேலைக்குத் திரும்பிய வாரந்தான் தலைமை அலுவலகத்தின் கடிதம் வந்தது. கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு இவரையும் இறப்பு மேடத்தையும் அறைக்குள் கூப்பிட்டார். கணினிகள் தாமாகத் தொடங்க அனுமதி அளித்தது யார் என்று கேட்டிருந்தார்கள். அவை தாமாகவே தொடங்குமானால் தொடக்கப் பொறுப்பாளரின் பணி என்ன என்று கேட்டிருந்தார்கள். பணி ஏதும் இல்லையென்றால் கடந்த ஆறு ஆண்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்றும் கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்வியின் கீழ் கண்காணிப்பாளரே பென்சிலால் கோடு போட்டிருந்தார். முந்தைய நிலை உடனே திரும்பக் கொண்டுவரப்பட வேண்டும், அடுத்த வாரம் மூவர் குழு வந்து பார்வையிடும் என்று கடிதம் முடிந்திருந்தது.

"நீ ஏன்யா மேல எழுதின?" என்றார் கண்காணிப்பாளர். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கண்டுக்காம இருந்திருப்பேனே."

எண்டர்காரர் தலை குனிந்து நின்றார். இறப்பு மேடம் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. எழுத்தில் கொடுத்தால் இப்போதே திரும்பப் போட்டுவிடுகிறேன், பூச்சியத்தை எடுத்துக் கழித்தல் ஒன்று போட வேண்டியதுதான் என்றார். கண்காணிப்பாளர் தாளை எடுத்தார்.

எண்டர்காரர் ஜெயித்துவிட்டார். நாளையிலிருந்து எட்டரை மணி, துடைக்கும் துணி, ஜன்னலுக்கு வெளியே சலசலப்பு, எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆனால் எட்டரைக்கு இங்கே நிற்க வேண்டுமானால் ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மகளின் பேருந்து எட்டே காலுக்கு.

இறப்பு மேடம் பக்கம் திரும்பினார். "மேடம், அந்த நம்பர் அப்படியேதான் இருக்கணுமா? வேற எதுவும் போட முடியாதா?"

இறப்பு மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "போடலாம்ணே. அஞ்சுன்னு போட்டா அஞ்சு செகண்ட் கேக்கும். பதில் வரலைன்னா அதுவே போயிடும்."

"கேக்கும்ல?" என்றார் கண்காணிப்பாளர்.

"கேக்கும் சார்."

"அந்த மூணு வரி திரையில வரும்ல?"

"வரும் சார்."

"அப்ப அதுதானே முந்தைய நிலை." கண்காணிப்பாளர் தாளில் வேகமாக எழுதினார். எத்தனை விநாடி என்பதை மட்டும் எழுதவில்லை. அதை யாரும் கேட்கவில்லையே.

குழு வந்தது. ஒருவர் பருமனாக, ஒருவர் ஒல்லியாக, ஒருவர் இருமலோடு. ஒன்றாம் எண்ணைப் போடச் சொன்னார்கள். மூன்று வரிகள் வந்தன. பருமனானவர் மூக்குக்கண்ணாடியை உறையிலிருந்து எடுத்து மாட்டுவதற்குள் திரையில் பதிவேடு வந்துவிட்டது. என்ன எழுதியிருந்தது என்று மற்ற இருவரையும் கேட்டார். ஏதோ கேட்டது என்றார் ஒல்லியானவர். மறுபடி போடச் சொன்னார்கள். இந்தமுறை பொறுப்பாளரே தட்டிக் காட்டட்டும் என்றார் இருமல்காரர்.

எண்டர்காரர் முன்னால் வந்தார். கட்டுப் பிரித்த கை சூம்பிப்போயிருந்தது. மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. மூன்று வரிகள் வந்ததும் கையைத் தூக்கினார். கை மெதுவாகத்தான் போயிற்று. விரல் எண்டரின்மேல் இறங்கியதும் திரை மாறியதும் ஒன்றாக நடந்தன. தொடங்கியது தானா, கணினியா என்று அவருக்கே தெரியவில்லை. மூவரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். முந்தைய நிலை முழுமையாக மீட்கப்பட்டுள்ளது, பொறுப்பாளரின் கைவேகம் பாராட்டுக்குரியது என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு மூன்று வருடம் அவர் வேலையில் இருந்தார். காலையில் மகளோடு நிறுத்தம் வரை நடந்துவிட்டு, எல்லோரையும்போல் பத்து மணிக்கு வந்தார். வேறு வேலை கொடுக்க ஆணையில் இடமில்லாததால், இறப்பு மேடம் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். இறந்தவரின் பெயரைச் சொல்வதற்குள் வந்தவர்கள் அழ ஆரம்பித்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அது எந்த ஆணையிலும் இல்லை. அதைப் பற்றி யாரும் புகார் எழுதவும் இல்லை.

அவர் ஓய்வுபெற்றதும் தொடக்கப் பொறுப்பாளர் பதவி காலியானது. ஆணையில் இருக்கிற பதவியைக் காலியாக விடக்கூடாதாம். தலைமை அலுவலகம் விளம்பரம் கொடுத்தது. பட்டப்படிப்பு வேண்டும், விசைப்பலகைத் தேர்ச்சி வேண்டும், கணினித் தொடக்கத்தில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முந்நூறு பேர் விண்ணப்பித்தார்கள். முதல் இரண்டும் எல்லோரிடமும் இருந்தன. மூன்றாவது ஒருவரிடமும் இல்லை. யோசித்துப் பார்த்து, அந்த அனுபவம் உள்ளவர் ஒருவர்தான் என்று கண்டுபிடித்து, விருப்பமிருந்தால் மீண்டும் பணியில் சேரலாம் என்று எண்டர்காரருக்கே கடிதம் அனுப்பினார்கள். பணி நேரம் காலை எட்டரை என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அவர் இரண்டு முறை படித்தார். ஒரு அஞ்சலட்டையை எடுத்து, காலை நேரத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது, மன்னிக்கவும் என்று வலது கையால் நிதானமாக எழுதி, தானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.